மூன்லைட்டின் தலைசிறந்த பிவட்

உட்காருங்கள் தம்பி, தாராளமாக உட்காருங்கள். இந்தப் பொன்னாடையை மடியில் வைத்துக்கொள்கிறேன். கல்யாண வீடா என்று மட்டும் கேட்காதீர்கள். கண்டக்டர் கேட்டுவிட்டான், முன் சீட்டுப் பூக்காரம்மா கேட்டுவிட்டாள். கல்யாண வீட்டிலிருந்து எவனாவது இந்த நேரத்துக்குச் சாப்பிடாமல் வருவானா? மூன்லைட் கூடைப்பந்துக் கழகத்துப் பொன்விழா. பிரியாணி அண்டாவை அப்போதுதான் இறக்கினார்கள். வாசனை கேட் வரைக்கும் கூடவே வந்தது. நான் வந்துவிட்டேன்.

வந்தேனா, அனுப்பினார்களா என்பதை நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் பேர் இன்னாசிமுத்து. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ரிட்டயர் ஆகிவிட்டேன். காலையும் சாயங்காலமும் மூன்லைட்டில் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தவன். அந்த கோர்ட்டுக்கு சிமெண்டு போட்ட அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். உங்களுக்கு ஆட்டம் தெரியாது போலிருக்கிறது. பரவாயில்லை, சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நாலு பேர் ஓடுவார்கள், ஒருவர் நிற்பார். நிற்கிற ஆள்தான் பிவட். டிவி பார்த்துவிட்டு இப்போதுள்ள பிள்ளைகள் சென்டர் என்கிறார்கள். எங்களுக்கு பிவட்தான். ரிங்குக்குக் கீழே நிற்க வேண்டும். உயரம் வேண்டும், முதுகு வேண்டும், இடி வாங்கத் தெம்பு வேண்டும். பந்து வரும். பிடி, திரும்பு, போடு. மூன்று காரியம். நாலாவது காரியம் கிடையாது. அதற்கு மூளை வேண்டாமா என்று ஒரு பையன் கேட்டான். மூளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதே, அது போதும் என்றேன்.

பொன்விழாவுக்கு என்ன ஏற்பாடு என்றால், ஐம்பது வருஷத்தில் மூன்லைட்டுக்கு ஆடிய தலைசிறந்த பிவட் யார் என்று தேர்ந்தெடுத்துக் கேடயம். மற்ற இடங்களுக்கும் கேடயம் உண்டு. அதையெல்லாம் யார் கேட்டார்கள்? மூன்லைட் என்றாலே பிவட்தான். கமிட்டியில் சண்டை. செயலாளர் தனுஷ்கோடி, எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான், என்னிடம் படித்தவன்தான், சவரியப்பன் பேரைச் சொன்னான். சவரியப்பன் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். நல்ல ஆட்டக்காரர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பந்தைவிட முழங்கை அதிகம் ஆடும். அவர் முழங்கையில் பல்லைக் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இன்னொருத்தன் குருவம்மாள் என்றான். பேண்டுக்கு மேல் பாவாடை கட்டிக்கொண்டு ஆடிய காலம். ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ரிங்குக்குள் போடுவாள். அரை பிவட் என்று வேண்டுமானால் சொல்லலாம். தங்கப்பழம் என்று ஒருத்தன், பனைமர உயரம். எதிராளிக்கு மீசை இருந்தால் பயம். வேண்டுமென்றே ஐந்து ஃபவுல் செய்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வான். கனகவல்லி பேரும் வந்தது. மரியாதையான பெண். சொன்னதைச் செய்வாள். சொல்லாததைச் செய்ய மாட்டாள். ஆனால் ஐந்தடி ஒன்பதுக்கு மேல் வளரவில்லை, நான் என்ன செய்ய?

நான் ஒரே பேர்தான் சொன்னேன். பாண்டீஸ்வரி.

"சார், நீங்க உங்க புள்ளையவே சொல்றீங்க" என்றான் தனுஷ்கோடி.

"எனக்குப் பிறந்தது ரெண்டும் அஞ்சடியத் தாண்டலடா. அதுகளையா சொன்னேன்?"

"அது பாதியில விட்டுட்டுப் போன புள்ள சார்."

"பாதியில போனதுக்கே இந்த உயரம்னா, முழுசா இருந்திருந்தா?"

ஆறு மாசம் தம்பி. அவன் கடைக்கு நடையாய் நடந்தேன். ஃபேன் வாங்கப் போகிறவன் மாதிரி போய் நின்றேன். ஒரு ஃபேன் வாங்கவும் செய்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டான். கேடயத்தில் அவள் பேர், அதற்குக் கீழே சின்னதாகப் பயிற்சியாளர் என்று என் பேர். எனக்கு வேறென்ன வேண்டும்? அரசாங்கம் தரவில்லை, பள்ளிக்கூடம் தரவில்லை. மூன்லைட்டாவது தரட்டும் என்று நினைத்தேன்.

அவளை எப்படிப் பிடித்தேன் தெரியுமா? சந்தையில். பிள்ளையைப் பிடிக்கவில்லை, அம்மாவைப் பிடித்தேன். பிவட் தேடுகிறவன் பள்ளிக்கூடத்தில் தேடக் கூடாது. பிள்ளைகள் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தெரியாது. தாய்மாரைப் பார்க்க வேண்டும். அவள் அம்மா முத்துப்பேச்சி, கத்தரிக்காய்க் கடை. மற்ற கடைக்காரர்கள் தார்ப்பாய் கட்ட ஸ்டூல் தேடுகிறார்கள், இவள் தரையில் நின்றபடியே கையை நீட்டி முடிச்சுப் போடுகிறாள். நான் அசந்துபோய் நின்றுவிட்டேன். நேரே போய்க் கேட்டேன்: "உங்களுக்குப் பொண்ணு இருக்காம்மா?"

"இருக்கு. எதுக்கு?"

"எவ்வளவு உயரம்?"

தராசுக் கல்லைக் கையில் எடுத்துவிட்டாள். "எம் மகளுக்குப் பதிமூணு வயசுய்யா. ஒனக்கு வெக்கமா இல்ல?"

பக்கத்துக் கடைக்காரன் வந்து, இவர் வாத்தியார், பொண்ணு கேட்க வரவில்லை, பந்து விளையாடக் கூப்பிடுகிறார் என்று சொல்லி என்னைக் காப்பாற்றினான். மறுநாள் பிள்ளை வந்தது. கடைசிப் பெஞ்சில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைதான். தெருவில் ஒட்டகம் ஒட்டகம் என்று கூப்பிடுவார்களாம். அந்த முதுகை நிமிர்த்தியது யார்? நான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நான் கைவைக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் கூனிக்கொண்டுதான் நடந்திருப்பாள்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். பந்தைத் தட்டுவாள்.

தட்டுவது என்றால், தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது. அது குள்ளப் பிள்ளைகள் வேலை. எங்கள் அணியில் சகாயராணி என்று ஒருத்தி, எலிக்குஞ்சு மாதிரி, அவள் தட்டிக்கொண்டு வந்து இவளிடம் கொடுக்க வேண்டும். பிவட் பந்தைத் தோளுக்குக் கீழே இறக்கினால் போச்சு, குள்ளச்சிகள் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பந்து எப்போதும் தலைக்கு மேலே. இது என் சட்டம். இவளானால் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் காலையில் வந்து தனியாகத் தட்டிக்கொண்டிருப்பாள். நான் சைக்கிள் ஸ்டாண்டில் வரும்போதே சத்தம் கேட்கும். திட்டிப் பார்த்தேன், வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தேன். "ஒரே ஒரு தடவ தட்டிக்கிறேன் சார்" என்பாள், சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்கிற மாதிரி.

பிறகு ஒரு யோசனை வந்தது. அவளுக்கென்று தனியாக ஒரு பந்து கொடுத்தேன், காற்றை இறக்கிவிட்டு. கீழே போட்டால் தொப்பென்று கிடக்கும். எழும்பாது. இரண்டு வருஷம் அந்தப் பந்தோடுதான் பயிற்சி. தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கோர்ட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். எங்காவது கை இறங்கினால் நான் இருந்த இடத்திலிருந்தே சத்தம் கொடுப்பேன்: "கைய மேல தூக்குடீ!" கை மேலே போகும். இந்த யோசனையை இந்தியாவில் எந்தக் கோச்சாவது செய்திருக்கிறானா, விசாரித்துப் பாருங்கள். சகாயராணி மட்டும் அப்பப்போ தன் பந்தை அவளிடம் கொடுத்துவிடுவாள். கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

மாநில அணித் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்ல வேண்டும். மனுஷ உடம்பு காலையில் ஒரு உயரம், நிற்க நிற்கக் குறையும். உங்களுக்குத் தெரியாது, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வேனில் பின் சீட்டு முழுக்க அவளுக்கு. நீட்டிப் படுத்தே வர வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஒருத்தி மடியில் ஒருத்தி.

"சார், ஒண்ணுக்கு வருது சார்."

"அளந்து முடிக்கட்டும்."

"சார், தாங்காது சார்."

"படுத்திருக்கிறவளுக்கு என்னடி தாங்காது?"

இறங்கும்போது கால் மரத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர் தூக்கி நிறுத்தி அளவு மரத்தில் சாய்த்தோம். அளந்த அம்மா டேப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஆறடியும் ஒரு விரற்கடையும். மாநில அணி! கத்தரிக்காய்க் கடைக்காரி மகள்! அன்றைக்கு எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இவள் மட்டும் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசிக்கவில்லை போல.

இப்போது அந்த இறுதிப் போட்டிக்கு வருகிறேன். அதைத்தான் ஊரில் எல்லோரும் திரித்துச் சொல்கிறார்கள், நீங்களாவது சரியாகக் கேளுங்கள். மாநிலப் பள்ளிகள் போட்டி. மூன்லைட்டில் பழகுகிற பிள்ளைகள்தான் எங்கள் பள்ளிக்கூட அணியும். கடைசி நிமிஷங்கள். ஒரு பாயிண்டில் பின்னால் இருக்கிறோம். சகாயராணி ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்துவிட்டாள். பந்தை மேலே கொண்டுபோக ஆள் இல்லை. எதிராளி போட்ட பந்து ரிங்கில் பட்டுத் திரும்பியது, பாண்டீஸ்வரி பிடித்தாள். பிடித்தவள் என்ன செய்ய வேண்டும்? தலைக்கு மேலே வைத்துக்கொண்டு ஆள் வருகிறவரைக்கும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தட்டினாள். என் கண்ணுக்கு முன்னால், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும், குள்ளச்சிகள் நாலு பேரையும் தாண்டித் தட்டிக்கொண்டே போனாள். ரிங்குக்குக் கீழேயாவது போனாளா? அதுவும் இல்லை. வெளியே, வளைகோட்டுக்கு வெளியே நின்று, அங்கிருந்து தூக்கிப் போட்டாள். அங்கிருந்து விழுந்தால் மூன்று பாயிண்ட். கேலரியே எழுந்து நின்றுவிட்டது.

விழுந்தது. விழுந்தது, இல்லை என்று யார் சொன்னது? இரண்டு பாயிண்ட் முன்னால் போனோம். அதற்காக?

உடனே வெளியே கூப்பிட்டேன். அவள் இடத்தில் கனகவல்லியை இறக்கினேன். எதிரணியில் ஒரு நெட்டச்சி இருந்தாள், கனகவல்லி தலைக்கு மேலேயே இரண்டு தடவை போட்டுவிட்டாள். தோற்றோம். நான் பாண்டீஸ்வரியை எடுத்ததால்தான் தோற்றோம் என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள். எப்படி? இவள் பந்து போட்டு நாங்கள் முன்னால் வந்தோம், இவள் வெளியே இருந்தபோது பின்னால் போனோம். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? ஒருத்தி சட்டத்தை மீறினால் நாளைக்கு அணியே மீறும். அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "சார், விழுந்துச்சுல்ல சார்?"

"விழுந்தா?" என்றேன்.

அங்கே ஒரு பெரிய அலுவலகத்து அணிக்காரர்கள் வந்திருந்தார்கள், வேலைக்கு ஆள் எடுக்க. ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த உயரத்துல அப்படித் தட்டிட்டுப் போற புள்ளைய நாங்க பாத்ததே இல்ல மாஸ்டர். நாளைக்குக் காலையில அனுப்புங்க. கார்டா ஆட வெச்சுப் பாக்கணும்." கார்டு! பந்தைக் கொண்டுபோகிற இடம். என் பிவட்டை! நான் உள்ளதைச் சொன்னேன். அவள் பிவட், வேறொன்றும் இல்லை, இன்னும் கட்டுப்பாடு வரவில்லை, அடுத்த வருஷம் பாருங்கள் என்றேன். பொய் சொல்லி ஒரு பிள்ளையை வேலையில் சேர்க்கிற ஆள் நான் இல்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல? தலைக்கனம் ஏறும்.

அடுத்த வருஷம் அவர்கள் வந்தார்கள். இவள் இல்லை. ஒரு வருஷம் பொறுக்க முடியவில்லை பாருங்கள். திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். முத்துப்பேச்சியிடம் போய்க் கேட்டேன். "பந்து சோறு போடுமா வாத்தியாரே?" என்றாள். போன வருஷமே போட்டிருக்கும் என்று எப்படிச் சொல்வது? கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இருபது வருஷம் ஆயிற்று. இன்றைக்குக் காலையில் வேனில் வந்து இறங்கினாள். தலையில் பாதி நரை. அதே உயரம், முதுகு நேராக. நான் நிமிர்த்திய முதுகு! "நல்லா இருக்கீங்களா சார்?" என்று காலைத் தொட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க மாட்டேன். கூட பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். காலையில் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் இவள்தான் பழக்குகிறாளாம். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூட இவள் தோளுக்கு வராது.

"ஒன் பிவட் யாருடி இதுல?"

"அப்படி யாரும் இல்ல சார். எல்லாரும் எல்லா எடத்துலயும் ஆடுவாங்க."

"எல்லாருமா? அப்ப யாரு நிக்கிறது?"

"யாரும் நிக்கிறதில்ல சார்" என்று சிரித்தாள்.

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. சரி, விழா நாள், போகட்டும் என்று மேடையில் போய் உட்கார்ந்தேன். தனுஷ்கோடி கூப்பிட்டான்: மூன்லைட்டின் தலைசிறந்த பிவட், பாண்டீஸ்வரி! கைதட்டல். கேடயத்தை வாங்கினாள், படித்துப் பார்த்தாள். கீழே என் பேரையும் பார்த்தாள், நான் கவனித்தேன். மைக்கில் என்ன சொன்னாள் தெரியுமா? "எல்லாருக்கும் நன்றி. ஆனா நான் பிவட்டா இருந்ததில்ல. அங்க நிறுத்தி வெச்சிருந்தாங்க, நின்னேன். அந்த எடத்த ஆசைப்பட்டு ஆடுனது கனகா அக்காதான்." நேரே இறங்கிப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கனகவல்லி மடியில் கேடயத்தை வைத்துவிட்டாள். கனகவல்லி அழுகிறாள், இவள் அவளைக் கட்டிக்கொள்கிறாள், கூட்டம் விசிலடிக்கிறது. என் பேர் போட்ட கேடயம் தம்பி. ஐந்தடி ஒன்பது மடியில்.

பொறுத்துக்கொண்டேன். அடுத்தது பழைய ஆட்டக்காரிகளும் அவள் கூட்டி வந்த பிள்ளைகளும் கலந்து ஒரு காட்சி ஆட்டம். தனுஷ்கோடி என்னைச் சமாதானப்படுத்துவதற்காக மைக்கைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்த பேசி ஆட்டத்த ஆரம்பிச்சு வைங்க சார்" என்றான். பேசினேன். மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மறந்துவிட்டேன். ஆட்டம் ஆரம்பித்தது. பாண்டீஸ்வரி பந்தை வாங்கினாள். வாங்கித் தட்ட ஆரம்பித்தாள். வயசுக்கு மீறிய வேகம். சிரித்துக்கொண்டே போகிறாள். எனக்கு என்ன தோன்றியதோ, யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்துவிட்டது: "கைய மேல தூக்குடீ!"

மைக் தம்பி. நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அவள் கை மேலே போய்விட்டது.

பந்தோடு, இரண்டு கையும், தலைக்கு மேலே. அப்படியே நின்றுவிட்டாள். அவள் பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் அவளிடமிருந்து பந்தைப் பிடுங்கக்கூட வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது யாருடைய கையோ என்கிற மாதிரி.

நான் மைக்கிலேயே சொன்னேன்: "பாத்தீங்களா! இருபது வருஷம்! போகல பாத்தீங்களா!" நீங்களே சொல்லுங்கள், இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா? சவரியப்பனுக்கு வருமா? குருவம்மாளுக்கு? தலைசிறந்த பிவட் யார் என்று ஊர் முன்னால் அவள் கையே சொல்லிவிட்டது. ஒருத்தன் கைதட்ட வேண்டுமே! கனகவல்லி முகத்தைப் பொத்திக்கொண்டாள். தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு ஏறி வந்தாள். என் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுத்து அணைத்தாள். "வாங்க சார்" என்றாள். கேடயத்தைத் திருப்பித் தரத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எழுந்து போனேன். முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படி பார்த்து இறக்கி, கேட் வரைக்கும் கூட்டி வந்தாள்.

"சாப்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல."

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க சார். நீங்க இருந்தா என்னால ஆட முடியாது."

"நான் என்னடி பண்ணேன்? ஒன்னையத் தூக்கி வெச்சதே நான்தான்."

"ஆமா சார்" என்றாள். கோபமே இல்லை தம்பி. கோபப்பட்டிருந்தால் நாலு வார்த்தை நானும் கேட்டிருப்பேன். "வெயில் இன்னும் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க சார்." கேட்டைச் சாத்திவிட்டாள். நான் தண்ணீர் ஊற்றிய கோர்ட்.

பஸ் ஸ்டாப் சுவருக்கு வெளியேதான். அங்கே நின்றேன். உள்ளே திரும்ப ஆட்டம் தொடங்கிவிட்டது. பார்க்க வேண்டியதில்லை, எனக்குச் சத்தத்திலேயே தெரியும். குள்ளப் பிள்ளைகள் தட்டினால் சடசடவென்று மழை மாதிரி இருக்கும். இது விட்டு விட்டு வந்தது. உயரத்திலிருந்து விழுந்து, உயரத்துக்குப் போய், திரும்ப விழுகிற பந்து. அவள்தான். அந்தக் கோடியிலிருந்து வருகிறது, வளைகிறது, இந்தப் பக்கம் வருகிறது. ஒரு தடவை நின்றது. சுவரில் காதை வைத்தேன், கை மேலே போய்விட்டதோ என்று. இல்லை. தூக்கிப் போட்டிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். திரும்பவும் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு பஸ் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டேன். கூட்டம் தம்பி, நிற்கக்கூட இடம் இல்லை, வெயில் வேறு. என்ன, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த ரூட்டில் எங்கே கூட்டம் என்கிறீர்களா? இருந்தது. படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டாவது பஸ் கண்டக்டர்தான், "சீட்டெல்லாம் காலியா கெடக்கு, ஏறு பெருசு, ஏறு" என்று விசிலடித்துக் கத்திக்கொண்டே இருந்தான். அவன் கத்தின கத்தலில் சுவருக்கு உள்ளே பந்துச் சத்தமே கேட்கவில்லை.